ஸ்பீக்கரின் விலையும் ஒலியின் மதிப்பும்: ஒரு வழக்கின் கதை

1984 ஏப்ரல் 30 ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசித்திரமான ஒரு வழக்கில் தீர்ப்பு வழங்கியது. ஸ்பீக்கரிலிருந்து வெளிவரும் வாத்திய இசை அறைக்குள் அங்குமிங்குமாக அலைகிறதா, அல்லது இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடைப்பட்ட சுவரோரமாக மட்டும் நகர்கிறதா என்ற கேள்வியில் முளைத்து, பதினான்கு வருடங்கள் இழுபட்ட விவகாரம் அது. ஒரு பக்கத்தில், வாசகர்களின் சந்தாப் பணத்தில் நடைபெறும் சஞ்சிகை. மறுபக்கத்தில், உலகெங்கும் பெயர் பரவத் தொடங்கியிருந்த ஸ்பீக்கர் நிறுவனம். பத்திரிகைத் துறையில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவன் என்ற முறையில், இந்த வழக்கு என்னை நீண்ட காலமாகவே ஈர்த்து வந்திருக்கிறது.

இப்பொழுது அதைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நண்பர்களும் உறவினர்களும் புதிய கார் வாங்கும்போதோ, வீட்டு வரவேற்பறைக்கு இசைக்கருவி வாங்கும்போதோ ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பெயர் பெற்ற கொம்பனியின் ஸ்பீக்கருக்குக் கூடுதலாகக் காசு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?" இரவு வேலையும் மேலதிக நேர வேலையும் செய்து சேர்த்த பணம் அது. அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தட்டிவிட முடியாது. நான் ஒலிப் பொறியியலாளன் அல்லன். ஆகவே இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்து, அதிலிருந்து ஒரு பதிலைத் தேட முயல்கிறேன்.

பிறக்கும்போதே ஆடம்பரம்

ஒலிபெருக்கியின் கதை பெரும்பாலும் கலிபோர்னியாவிலுள்ள நாபா என்ற சிற்றூரிலிருந்து சொல்லப்படுகிறது. பீட்டர் ஜென்சன் என்ற டென்மார்க் நாட்டவரும் எட்வின் பிரித்தம் என்ற அமெரிக்கரும் 1915 இல் அங்கு தாங்கள் உருவாக்கிய கருவிக்கு 'மக்னவொக்ஸ்' என்று பெயரிட்டார்கள். இலத்தீன் மொழியில் 'பெருங்குரல்' என்பது அதன் பொருள். 1919 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி வூட்ரோ வில்சன் சான் டியாகோ நகரில் ஏறக்குறைய 50,000 பேர் கூடியிருந்த அரங்கில் அந்தக் கருவியின் துணையுடன் பேசினார். அன்று தொடங்கி, மேடைப் பேச்சு என்பதன் இலக்கணமே மாறிப்போயிற்று.

ஆனால், இன்று நமது வீடுகளிலும் கார்களிலும் உள்ள ஸ்பீக்கரின் நேரடி மூதாதை 1925 இல் பிறந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வேர்ட் கெலொக் ஆகிய இருவரும் அதன் வடிவமைப்பை விளக்கி ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள். அந்தச் சுருளோடு ஒட்டப்பட்ட கடதாசிக் கூம்பு. சுருளில் மின்னோட்டம் மாறும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. தத்துவம் அவ்வளவுதான். சந்தைக் கடையில் தொங்கும் மலிவு ஸ்பீக்கருக்கும் மாளிகையில் வைக்கப்படும் இலட்ச ரூபா ஸ்பீக்கருக்கும் இன்றும் அடிப்படை இதுவே.

இந்த வடிவமைப்பில் 1926 இல் விற்பனைக்கு வந்த 'ரேடியோலா 104' என்ற ஒலிபெருக்கியின் விலை ஏறக்குறைய 250 டொலர். அந்தக் காலத்தில் புதிய ஃபோர்ட் கார் ஒன்றை ஏறக்குறைய 500 டொலருக்கு வாங்க முடிந்தது. அதாவது, ஒரு ஸ்பீக்கருக்கு அரைக் கார் விலை. 1930 இல் போல் கல்வின் என்பவர் கார்களில் பொருத்துவதற்கென்று 'மோட்டரோலா' என்ற பெயரில் வானொலிப் பெட்டியை விற்கத் தொடங்கியபோது, அதுவும் 100 டொலருக்கு மேற்பட்ட விலையிலேயே விற்கப்பட்டது. காரில் பாட்டுக் கேட்பது என்பது பிறந்த நாளிலிருந்தே கூடுதல் பணம் கொடுத்துப் பெறும் வசதியாகவே இருந்து வந்திருக்கிறது.

சிறிய பெட்டியின் புரட்சி

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் நல்ல ஒலி வேண்டுமென்றால் பெரிய பெட்டி வேண்டும் என்பதே விதி. ஆழமான தாழ்சுருதி ஒலிகளை எழுப்ப அதிக அளவு காற்றை அசைக்க வேண்டும். ஆகவே குளிர்சாதனப் பெட்டி அளவிலான பெட்டிகளைச் செல்வந்தர்கள் தங்கள் வரவேற்பறையின் மூலையில் நிறுத்தி வைத்தார்கள்.

இந்த நிலைமையை மாற்றியவர் எட்கார் வில்ச்சர். அவர் தமது மாணவரான ஹென்றி குளொஸ் என்பவருடன் சேர்ந்து 1954 இல் மசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 'அக்கூஸ்டிக் ரிசர்ச்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். காற்றுப் புகாமல் அடைக்கப்பட்ட பெட்டிக்குள் சிறைப்பட்ட காற்றையே கூம்பைத் தாங்கும் வில்லாகப் பயன்படுத்தினார். புத்தக அலுமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து ஆழமான ஒலி பிறந்தது.

வில்ச்சர் தமது ஸ்பீக்கரை விற்ற முறை இன்றைய வியாபாரிகளுக்குப் பாடமாக அமையும். நால்வர் கொண்ட வாத்தியக் குழுவை மேடையில் அமர்த்தி, அவர்கள் நேரடியாக வாசிப்பதையும் முன்னரே ஒலிப்பதிவு செய்யப்பட்ட பகுதியையும் இடையிடையே மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். எப்போது மனிதர் வாசிக்கிறார், எப்போது ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்பதைச் சபையோரில் பலரால் பிரித்தறிய இயலவில்லை. நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் புகையிரத நிலையத்தில் அவரது நிறுவனம் இசைக்கூடம் ஒன்றையும் நடத்தியது. அங்கு எவரும் வந்து அமர்ந்து கேட்கலாம். ஆனால் அங்கு எதுவும் விற்கப்படவில்லை. 'கேட்டுப் பார், பிறகு முடிவு செய்' என்பதே அதன் செய்தி.

அடுத்த பெரும் மாற்றம் கணிதத்தினால் வந்தது. நெவில் தீல் என்ற அவுஸ்திரேலியப் பொறியியலாளர் 1961 இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மோல் 1970 களின் முற்பகுதியிலும் வெளியிட்ட ஆய்வுகள், எந்த ஸ்பீக்கருக்கு எந்த அளவுப் பெட்டி பொருந்தும் என்பதைச் சூத்திரங்களாக வகுத்துக் கொடுத்தன. அதுவரை அனுபவமும் ஊகமும் கலந்த இரகசியமாக இருந்தது, எவரும் கணித்துப் பார்க்கக்கூடிய பொது அறிவாயிற்று. நமது கேள்விக்கு இது மிக முக்கியமானது. ஒரு பொருளின் இரகசியம் அச்சில் வந்துவிட்டால், அந்த இரகசியத்துக்காக அதிக விலை கேட்பதற்கான நியாயம் குறைந்துவிடுகிறது. இன்று மலிவான ஸ்பீக்கர்களும் ஓரளவு நன்றாக ஒலிப்பதற்கு இந்தச் சூத்திரங்கள் ஒரு பெருங்காரணம்.

அமர் போஸ் என்ற வங்காளியின் மகன்

இனி வழக்கின் நாயகரிடம் வருவோம். அமர் போஸ் 1929 இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். தந்தை வங்காளத்தைச் சேர்ந்த சுதந்திரப் போராளி. பிரித்தானியரின் சிறையிலிருந்து விடுபட்டு அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது தந்தையின் இறக்குமதி வியாபாரம் நொடித்தபோது, பதின்ம வயது அமர் வானொலிப் பெட்டிகளைத் திருத்திக் கொடுத்து வீட்டுச் செலவுக்கு உதவினார். புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதை புதிதல்ல.

மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில், 1956 இல், அவர் தமக்கென்று உயர்தர இசைக்கருவி ஒன்றை வாங்கினார். அட்டவணையில் குறிப்பிடப்பட்டிருந்த அளவீடுகளைப் பார்த்தே அதைத் தெரிவு செய்தார். வீட்டில் கேட்டபோது பெரும் ஏமாற்றம் அடைந்தார். எண்கள் சிறப்பாக இருந்தும் இசை ஏன் உயிரற்று ஒலிக்கிறது? இந்தக் கேள்வியே அவரது வாழ்நாள் ஆய்வாக மாறியது. இசை மண்டபத்தில் நாம் கேட்கும் ஒலியின் பெரும்பகுதி மேடையிலிருந்து நேரே வருவதில்லை. சுவர்களிலும் கூரையிலும் பட்டுத் தெறித்தே நம்மை வந்தடைகிறது என்பதை அவர் அளந்து கண்டார்.

1964 இல் தமது நிறுவனத்தைத் தொடங்கினார். 22 சிறு ஸ்பீக்கர்களை ஒரே பெட்டிக்குள் அடக்கிய முதற்படைப்பு சந்தையில் தோற்றது. 1968 இல் வந்த '901' அவருக்குப் பெயரைக் கொடுத்தது. அதன் ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்பது சிறு ஸ்பீக்கர்கள். அவற்றில் ஒன்று மட்டுமே கேட்பவரை நோக்கியிருக்க, மற்றைய எட்டும் பின்புறச் சுவரை நோக்கியிருந்தன. ஒலி சுவரில் பட்டுத் தெறித்து அறையை நிறைத்தது. விமர்சகர் பலர் அதை வியந்து பாராட்டினர். மாற்றங்களுடன் 2016 வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம், அது விற்பனையில் இருந்தது.

ஒரு விமர்சனமும் பதினான்கு வருடங்களும்

1970 மே மாதம் 'கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற சஞ்சிகை ஸ்பீக்கர்களைப் பற்றிய மதிப்பீடொன்றை வெளியிட்டது. 1936 இல் தொடங்கப்பட்ட நுகர்வோர் சங்கத்தின் வெளியீடு அது. விளம்பரம் பெறுவதில்லை. சோதனைக்குரிய பொருட்களை நிறுவனங்களிடமிருந்து இலவசமாக வாங்காமல், சாதாரண வாடிக்கையாளர் போலக் கடைக்குச் சென்று பணம் கொடுத்து வாங்குவது அதன் வழக்கம்.

901 பற்றி அந்தச் சஞ்சிகை சில நல்ல வார்த்தைகளும் சொல்லியிருந்தது. ஆனால், தனித்தனி வாத்தியங்களின் ஒலி அளவுக்கு மீறிப் பெரிதாகத் தோன்றுவதாகவும், அறைக்குள் அலைவது போல இருப்பதாகவும் எழுதியது. இவ்வளவு பெரிய தொகையைச் செலவிடுமுன், புதுமையின் கவர்ச்சி தணிந்த பின்னும் இது உங்களுக்குப் பிடிக்குமா என்று உறுதிசெய்து கொள்ளுங்கள் என்ற பொருளில் ஆலோசனையும் கூறியது.

போஸ் நிறுவனம் மறுப்பு வெளியிடுமாறு கேட்டது. சஞ்சிகை மறுத்தது. 1971 இல் வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. விசாரணையில், சோதனையில் பங்குகொண்ட பொறியியலாளர், ஒலி உண்மையில் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே சுவரோரமாகவே நகர்ந்தது என்று சாட்சியம் அளித்தார். அப்படியானால் 'அறைக்குள் அலைந்தது' என்று எழுதியது பொய் என்றும், பொய் என்று தெரிந்தே எழுதப்பட்டது என்றும் விசாரணை நீதிமன்றம் முடிவு செய்தது. ஏறக்குறைய 115,000 டொலர் நட்டஈடு செலுத்துமாறு உத்தரவிடப்பட்டது.

மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1964 இல் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகை தொடர்பான புகழ்பெற்ற வழக்கில் அதே நீதிமன்றம் வகுத்த விதியொன்று இருந்தது. பொது வாழ்வில் உள்ளவர்களைப் பற்றிப் பிழையாக எழுதினால் மட்டும் போதாது. பொய்யென்று தெரிந்தே, அல்லது உண்மையைப் பற்றிச் சிறிதும் பொருட்படுத்தாமல் எழுதியதாக நிரூபித்தால்தான் நட்டஈடு கோரலாம் என்பது அந்த விதி. பத்திரிகைச் சுதந்திரத்தைத் தொடும் இத்தகைய வழக்குகளில், விசாரணை நீதிபதியின் முடிவை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், மேல்நீதிமன்றங்கள் சாட்சியங்களைத் தாமே ஆராய வேண்டும் என்று நீதியரசர் ஸ்டீவன்ஸ் எழுதினார். ஆறு நீதியரசர்கள் சஞ்சிகையின் பக்கமும் மூவர் மறுபக்கமும் நின்றனர். காதால் கேட்ட ஒரு அனுபவத்தைச் சொல்லில் வடிக்கும்போது தவறான வார்த்தை ஒன்று விழுந்துவிடலாம். அது வஞ்சகம் ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இதில் எனக்கு அக்கறை ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் அவதூறு என்பது 2002 ஆம் ஆண்டில் நீக்கப்படும் வரை குற்றவியல் குற்றமாகவே இருந்தது. எழுதியவர் நட்டஈடு செலுத்துவதோடு முடியாது. சிறைக்கும் செல்ல நேரலாம். அது அரசியல்வாதிகளைப் பற்றிய எழுத்தை மட்டும் தடுத்துவிடவில்லை. தரமற்ற பால்மா பற்றியும் பழுதான மின்விசிறி பற்றியும் வாசகர் கடிதம் வந்தால், அதை 'பிரபல நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு' என்று பெயரை வெட்டிப் பிரசுரித்த ஆசிரியபீடங்களை நான் அறிவேன். வழக்கு பற்றிய அச்சம் பாதி, விளம்பரம் போய்விடும் என்ற அச்சம் மீதி. பொருளின் பெயரைப் பக்கம் நிறைய விளம்பரத்தில் படித்த வாசகன், அதன் குறையை மட்டும் பெயரின்றிப் படித்தான். எந்தப் பொருள் காசுக்குத் தகுந்தது என்று கேட்பவனுக்கு முதலில் வேண்டியது நல்ல காது அல்ல. தகாதது என்று பெயர் சொல்லி எழுதக்கூடிய ஒரு பத்திரிகை.

திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது

சஞ்சிகையும் நிறுவனமும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டிருந்த காலத்தில், ஒட்டாவாவில் அமைதியாக வேறோர் ஆய்வு நடந்தது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபையில் பணியாற்றிய புளொயிட் டூல் என்ற விஞ்ஞானி, ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்து, எது எந்தக் கொம்பனியின் தயாரிப்பு என்று தெரியாத நிலையில் பலரைக் கேட்கச் செய்து மதிப்பெண் இடச் செய்தார். 1980 களின் நடுப்பகுதியில் வெளியான அவரது கட்டுரைகள் இத்துறையின் பல நம்பிக்கைகளைத் தகர்த்தன.

'ஒவ்வொருவர் காதும் ஒவ்வொரு மாதிரி, ரசனைக்கு அளவுகோல் கிடையாது' என்றுதான் கடைக்காரர்கள் சொல்வது வழக்கம். டூல் கண்டது வேறு. பெயரையும் விலையையும் மறைத்துவிட்டால், சாதாரண செவித்திறன் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரே ஸ்பீக்கர்களையே விரும்பினார்கள். எந்தச் சுருதியையும் கூட்டாமலும் குறைக்காமலும் சீராக ஒலித்து, நேர் எதிரே மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அதே சீரைக் காக்கும் ஸ்பீக்கர்களே அவை. இத்தன்மை விலையோடு எப்போதும் ஒட்டி வரவில்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் நடந்த அந்த ஆராய்ச்சியின் வசதிகளைப் பயன்படுத்தி, பி.எஸ்.பி., பராடைம் போன்ற கனேடிய நிறுவனங்கள் நியாயமான விலையில் நல்ல ஸ்பீக்கர்களை உருவாக்கின.

டூல் 1991 இல் ஹார்மன் என்ற பெருநிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவரும் சீன் ஒலிவ் என்பவரும் 1994 இல் வெளியிட்ட பரிசோதனை இன்னும் சுவையானது. அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் நாற்பது பேர், அதே ஸ்பீக்கர்களை முதலில் பாராமலும் பின்னர் பார்த்தும் கேட்டார்கள். கண் திறந்ததும் மதிப்பெண்கள் மாறின. பெரிதாகவும் விலையுயர்ந்ததாகவும் தோன்றியவை மேலே ஏறின. சிறிதாகவும் மலிவாகவும் தோன்றியவை கீழே இறங்கின. ஒலித்துறையிலேயே சம்பளம் பெறுபவர்களின் காதுகளையும் அவர்களது கண்கள் ஏமாற்றிவிட்டன. ஒரு ஸ்பீக்கர் நிறுவனமே இதைக் கண்டறிந்து வெளியிட்டது என்பதை அதன் பெருந்தன்மையாகக் குறிப்பிட வேண்டும்.

பெயர் வேறு, மனிதர் வேறு

பெயருக்குக் காசு கொடுக்குமுன் அந்தப் பெயர் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் லான்சிங் என்ற பொறியியலாளரை எடுத்துக்கொள்வோம். திரையரங்க ஒலிபெருக்கிகளில் பெரும் சாதனை படைத்தவர். அவரது நிறுவனத்தை 1941 இல் வேறொரு நிறுவனம் வாங்கி 'ஆல்டெக் லான்சிங்' ஆயிற்று. 1946 இல் அவர் வெளியேறித் தனியாகத் தொழில் தொடங்கியபோது, 'லான்சிங்' என்ற தம் சொந்தப் பெயரைப் பயன்படுத்துவதற்கே பழைய நிறுவனத்திடமிருந்து எதிர்ப்பு வந்தது. அந்தச் சிக்கலின் விளைவாகவே பிற்காலத்தில் 'ஜே.பி.எல்.' என்ற மூன்றெழுத்து நிலைத்தது. 1949 இல், கடன் நெருக்கடிக்கு மத்தியில், லான்சிங் தமது உயிரை மாய்த்துக்கொண்டார். இன்று அவரது முதலெழுத்துகள் கடற்கரையில் உருட்டிச் செல்லும் ஸ்பீக்கர் வரை பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர் கண்ட வறுமை அந்த எழுத்துகளில் தெரிவதில்லை.

ஜே.பி.எல்., ஹார்மன் கார்டன், இன்பினிட்டி, மார்க் லெவின்சன் ஆகியவை கடையில் ஒன்றோடொன்று போட்டியிடும் பெயர்கள் போலத் தோன்றும். அனைத்தும் ஹார்மனுக்கே சொந்தம். அந்த ஹார்மனை 2017 இல் ஏறக்குறைய 8 பில்லியன் டொலருக்கு வாங்கியது தென்கொரியாவின் சம்சுங். 1925 இல் டென்மார்க்கில் தொடங்கிய பாங் அண்ட் ஒலுப்சன் நிறுவனத்தின் கார் ஒலிப் பிரிவும் 2015 இல் ஹார்மன் வசம் சென்றது. 1966 இல் இங்கிலாந்தின் வேர்திங் நகரில் தோன்றிய பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் என்ற பெயரும் 2025 இல் அதே குடையின் கீழ் வந்தது. போஸ் நிறுவனமோ 2024 இல் மெக்கின்டோஷ் என்ற பழம்பெரும் பெயரைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. ஆகவே, இரண்டு கார்க் கொம்பனிகள் இரண்டு வேறு பெயர்களைக் காட்டி நம்மைக் கவரும்போது, இரண்டின் பின்னாலும் ஒரே முதலாளி இருக்கக்கூடும்.

இதற்கு நேர்மாறான ஒரு முடிவையும் சொல்லவேண்டும். அமர் போஸ் தமது நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுசெல்லவில்லை. 2011 இல் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை, வாக்குரிமையின்றி, தாம் படித்துப் படிப்பித்த மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்கே கொடையாக அளித்தார். 2013 ஜூலையில் காலமானார். பத்திரிகையோடு வழக்காடிய அதே மனிதரின் இன்னொரு முகம் இது.

காருக்குள் நிலைமை வேறு

வீட்டு ஸ்பீக்கருக்கும் கார் ஸ்பீக்கருக்கும் ஒரே பதில் பொருந்தாது. வீட்டில் நீங்கள் எங்கே அமர்வீர்கள், சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பது ஸ்பீக்கர் செய்தவருக்குத் தெரியாது. காரில் எல்லாமே தெரியும். ஆசனம் எங்கே, கண்ணாடி எங்கே, சாரதியின் தலை எங்கே என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவானவை. இதை வாய்ப்பாகக் கண்டவரும் அமர் போஸ்தான். ஜெனரல் மோட்டர்ஸுடன் சேர்ந்து, 1983 ஆம் ஆண்டுக்குரிய கடிலக், பியூக், ஓல்ட்ஸ்மொபீல் கார்கள் சிலவற்றில், அந்தந்த வாகனத்தின் உட்புறத்துக்கென்றே அளந்து அமைக்கப்பட்ட ஒலியமைப்பை அவரது நிறுவனம் வழங்கியது. இன்று ஏறக்குறைய எல்லா விலையுயர்ந்த கார்களிலும் காணப்படும் வழக்கம் அங்கிருந்துதான் பெருகியது.

ஆகவே காரில் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு ஒரு நியாயம் உண்டு. அது பெயர்ப்பட்டைக்கான விலை அல்ல. அளந்து, கணித்து, ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் சற்றே முன்பின்னாக்கிச் சீர்செய்த உழைப்பின் விலை. ஆனால், நெடுஞ்சாலையில் விரையும் காருக்குள் சக்கரமும் காற்றும் எழுப்பும் இரைச்சல் 65 முதல் 70 டெசிபல் வரை இருக்கும். சாதாரண உரையாடலே 60 டெசிபல் அளவுதான். நுணுக்கமான ஒலிகள் அந்த இரைச்சலில் மூழ்கிவிடுகின்றன. கார் நிற்கும்போது காட்சியறையில் கேட்டு வியந்த ஒலியை வீதியில் நீங்கள் கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. முன்னர் கார் வானொலிப் பெட்டிகள் ஒரே நியம அளவுள்ள துவாரத்தில் பொருத்தப்பட்டன. பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடலாம். இன்று அது திரையோடும் காரின் கணினியோடும் பின்னிப் பிணைந்துவிட்டது. பின்னர் மாற்றுவது கடினமும் செலவும் மிக்க காரியம். காரில் வாங்கும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டியிருப்பதால்தான் விற்பனையாளரின் கை ஓங்கி நிற்கிறது.

அப்படியானால் கொடுக்கலாமா?

இந்த வரலாறு முழுவதையும் திரட்டிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். மிக மலிவான ஸ்பீக்கரிலிருந்து நடுத்தர விலையுள்ள ஸ்பீக்கருக்கு ஏறும்போது கிடைக்கும் முன்னேற்றம் எவர் காதுக்கும் தெரியும். அந்தப் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். நடுத்தரத்திலிருந்து மேலே ஏற ஏற விலை மடங்கு மடங்காகக் கூடுகிறது. ஒலியோ சிறிது சிறிதாகவே கூடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் நீங்கள் கொடுப்பது மரவேலைக்கும் வடிவழகுக்கும் பெயருக்கும். அழகான மேசைக்குப் பணம் கொடுப்பது தவறில்லாதது போல இதுவும் தவறில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவே.

வீட்டைப் பொறுத்தவரை, தாழ்சுருதி ஒலிகளை ஸ்பீக்கரைவிட அறையே அதிகம் தீர்மானிக்கிறது. சுவரின் மூலையோடு ஒட்டிய ஸ்பீக்கரை ஓரிரண்டு அடி முன்னே இழுத்து வைப்பதும், வெறும் நிலத்தில் ஒரு கம்பளத்தை விரிப்பதும், யன்னலுக்குக் கனத்த திரைச்சீலை இடுவதும் பல நூறு டொலர் செலவழித்தும் கிடைக்காத மாற்றத்தைத் தரக்கூடும். எதைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கடல் கடந்து தமிழகத்தில் கேட்டு மகிழ்ந்த தலைமுறை, உயர்சுருதிகள் வெட்டப்பட்ட சிற்றலையில், ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட வால்வு வானொலியில்தான் கேட்டது. அந்தக் காலத்து ஒலிப்பதிவுகளையே இன்றும் பெரும்பாலும் கேட்பவர், பதிவில் இல்லாத ஒலிக்காகப் பெருந்தொகை செலவிடத் தேவையில்லை.

காரைப் பொறுத்தவரை, இலவசச் சோதனை ஓட்டத்தின்போது உங்களுக்குப் பழக்கமான இரண்டு பாடல்களை எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள். அது அந்த ஸ்பீக்கருக்கென்றே தெரிவு செய்யப்பட்டது. நெடுஞ்சாலையில், யன்னல்களை மூடி, சாதாரண ஒலியமைப்பு உள்ள காரிலும் உயர்ந்த ஒலியமைப்பு உள்ள காரிலும் அதே பாடல்களைக் கேளுங்கள். ஒலியளவு கூடியிருந்தால் எதுவும் இனிமையாகத் தோன்றும். ஆகவே இரண்டிலும் ஒரே அளவில் வைத்துக் கேளுங்கள். முடியுமானால், எந்தக் கார் எது என்று பாராமல் கண்ணை மூடி அமர்ந்திருக்க, வேறொருவர் ஓட்டட்டும். வித்தியாசம் தெரிந்தால் வாங்குங்கள். பெயர்ப்பட்டையைப் பார்த்த பிறகே வித்தியாசம் தெரிகிறதென்றால், அந்தப் பணம் பிள்ளையின் சங்கீத வகுப்புக்குப் பயன்படட்டும்.

1970 இல் அந்தச் சஞ்சிகை வாசகர்களுக்குச் சொன்ன ஆலோசனையும் ஏறக்குறைய இதுதான்: அவசரப்படாதீர்கள், புதுமை தணியும் வரை கேட்டுப் பாருங்கள். அந்த எளிய வார்த்தையைச் சொல்லும் உரிமைக்காக அது ஏறக்குறைய பதின்மூன்று வருடங்கள் வழக்காட வேண்டியிருந்தது. இன்று இணையத்தில் பொருட்களைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகளில் எத்தனை, கொம்பனி இலவசமாகக் கொடுத்த பொருளை மேசையில் வைத்துக்கொண்டு எழுதப்படுகின்றன என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரைப் பற்றி யார் என்ன சொன்னாலும், சொல்பவர் அதைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கினாரா என்று முதலில் கேளுங்கள்.